பீடித் தட்டும் விறகடுப்பும்: ‘மூன்று மடங்கு’ எங்கிருந்து வருகிறது?

“பீடி சுற்றுவோருக்கு இருமல் வரும் அபாயம் மூன்று மடங்கு” என்று ஒரு செய்தி வந்தால் முதல் கேள்வி: நூற்றுக்கு எத்தனை பேர்?

முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் 400 பேரையும் சுற்றாத 800 பேரையும் ஐந்து வருடம் பின்தொடர்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எண்களெல்லாம் கணக்குக்காக மட்டும். முதல் குழுவில் 60 பேருக்கு, இரண்டாவதில் 40 பேருக்குப் புதிதாக நாள்பட்ட இருமல். அதாவது 15 சதவீதம், 5 சதவீதம். வகுத்தால் 3, இதுதான் ஒப்பீட்டு அபாயம். கழித்தால் நூறு பேருக்குக் கூடுதலாகப் பத்துப் பேர். லட்சத்தில் ஒருவருக்கு வருகிற நோய் மூவருக்கு வந்தாலும் அதே 3தான்; அதனால் கழித்த எண்ணையும் சேர்த்தே எழுத வேண்டும். 95 சதவீத நம்பக இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடும் என்று கணிக்கிற எல்லை, இங்கே 2.05 முதல் 4.39 வரை. 1 என்றால் வித்தியாசமே இல்லை என்று பொருள்; அது இதற்குள் விழவில்லை என்பதால் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் தற்செயல் இல்லை என்றால் புகையிலைத் தூள்தான் காரணம் என்றாகிவிடாது. வீட்டு அடுப்பைப் பாருங்கள். சுற்றுபவர்களில் 350 பேர் வீட்டில் விறகடுப்பு, அவர்களில் 56 பேருக்கு இருமல். கேஸ் அடுப்புள்ள 50 பேரில் 4 பேருக்கு. சுற்றாதவர்களில் விறகடுப்பு 200, இருமல் 16. கேஸ் 600, இருமல் 24. இப்போது தனித்தனியே வகுத்தால் விறகடுப்பில் 16 சதவீதத்துக்கு 8, கேஸில் 8 சதவீதத்துக்கு 4. இரண்டிலும் 2தான். மூன்றாகக் காட்டியதில் அடுப்புப் புகைக்கும் பங்கு உண்டு. கல்லூரி ஆய்வேடுகளில் பலரும் தாண்டிப்போகிற படி இதுதான்.

ஆட்களை எண்ணுவதிலும் சிக்கல் வரும். ஆரம்பத்திலேயே இருமல் உள்ளவர்களைச் சேர்க்கவே கூடாது. கல்யாணமாகி வெளியூர் போனவர்களை, பிழைப்புக்குத் திருப்பூர் போனவர்களை இருந்த காலம் வரைக்கும் நபர்-ஆண்டாக (ஒருவர் ஆய்வில் இருந்த ஒவ்வொரு வருடமும் ஒரு நபர்-ஆண்டு) கணக்கில் எடுக்க வேண்டும். மூச்சு முட்டுகிறது என்று பீடித் தட்டைக் கீழே வைத்தவரைச் ‘சுற்றாதவர்’ பக்கம் எழுதினால் வித்தியாசம் மறைந்தே போகலாம். 1951-ல் பிரிட்டன் டாக்டர்களிடம் ஆய்வாளர்கள் டால், ஹில் தொடங்கிய புகைப்பழக்க ஆய்வில் சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடி கேள்வித்தாள் போனது. விட்டவர்களைத் தனியே பிரிக்க முடிந்தது அதனால்தான்.

ஆஸ்பத்திரிக்கு இருமலோடு வருபவர்களையும் இருமல் இல்லாதவர்களையும் பிடித்து, “பீடி சுற்றுவீங்களா?” என்று கேட்கும் ஆய்வில் ஒப்பீட்டு அபாயத்துக்கான வகுத்தலே செல்லாது. நோயாளி எத்தனை, மற்றவர் எத்தனை என்பதை நாமே தீர்மானித்துவிடுகிறோமே! அங்கே ஆட்ஸ் விகிதம்தான்: ஒவ்வொரு குழுவிலும் இருமல் உள்ளவர்களை இல்லாதவர்களால் வகுத்து, வருகிற இரண்டு எண்களையும் வகுப்பது. மேலே உள்ள எண்களுக்கே (60/340-ஐ 40/760-ஆல் வகுத்தால்) அது 3.35 வரும். நோய் அரிதாக இருந்தால்தான் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகும்.