யுபிஎஸ் ‘டக்’ என்னும்போது கணினிக்குள் நடப்பது

மழைக்கால மாலை. விளக்கு ஒருமுறை கண் சிமிட்டுகிறது. மேசைக்கு அடியில் இருக்கும் யுபிஎஸ் ‘டக்’ என்கிறது, பிறகு பீப் பீப் என்று கத்தத் தொடங்குகிறது. நீங்கள் எழுதிக்கொண்டிருந்த வரி மட்டும் திரையில் அப்படியே இருக்கிறது.

அந்த ‘டக்’, உள்ளே ஒரு ரிலே, அதாவது தானாக இயங்கும் சுவிட்ச், இடம் மாறும் ஓசை. வீடுகளில் வைக்கும் சாதாரண யுபிஎஸ், கரண்ட் போனதை உணர்ந்து பேட்டரிக்கு மாற 4 முதல் 10 மில்லிநொடி வரை ஆகும். அந்த இடைவெளியில் கணினிக்கு எங்கிருந்தும் மின்சாரம் வருவதில்லை. ஆனாலும் அது அணைவதில்லை.

காரணம், கேபினெட்டுக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி. நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை பூச்சியத்தைத் தொடும். ஆக, கரண்ட் ஒழுங்காக இருக்கும்போதே நொடிக்கு 100 முறை அது கணப்பொழுது ஓய்கிறது. 12, 5, 3.3 வோல்ட் என்று ஏறாமல் இறங்காமல் கேட்கும் மதர்போர்டுக்கு இது சரிப்படாது. எனவே எஸ்எம்பிஎஸ் முதல் வேலையாக அதை நேர்திசையாக்கி, ஒரு பெரிய மின்தேக்கியில் நிரப்பி வைக்கிறது. மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் மாடித் தொட்டி இருப்பதால் குழாயில் தண்ணீர் நிற்பதில்லையே, அதே ஏற்பாடுதான்.

இந்தத் தொட்டியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு. மின்தேக்கியில் சேரும் ஆற்றல் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால்தான் தொட்டி 12 வோல்ட்டுக்கு இறக்குவதற்கு முன்பே, உயர் வோல்டேஜ் பக்கத்தில் இருக்கிறது. இன்றைய எஸ்எம்பிஎஸ்களில் பல அதை 380 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி வைக்கின்றன. 390 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்று 390 வோல்ட்டில் கிட்டத்தட்ட 30 ஜூல் பிடிக்கும். அதையே 12 வோல்ட் பக்கம் வைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தேறும். இப்படிச் சேர்த்ததை வைத்து, முழுச் சுமையிலும் ஏறத்தாழ 16 மில்லிநொடி தாக்குப்பிடிக்கும்படி நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை வடிவமைக்கிறார்கள். யுபிஎஸ்ஸுக்கு வேண்டியது 10தான். (பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம். பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள்.)

தொட்டிக்கு அப்பால், ஒரு டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல பத்தாயிரம் முறை திறந்து மூடி, மின்சாரத்தைச் சின்ன மின்மாற்றி வழியே கீழே இறக்குகிறது. அவ்வளவு வேகமாகத் துடிப்பதால்தான் மின்மாற்றி கைக்குள் அடங்குகிறது.

வெப்பத்தில் வருடக்கணக்காகக் கிடக்கும் மின்தேக்கி உள்ளுக்குள் மெல்ல உலர்ந்து போகும். 16 மில்லிநொடி 8 ஆகும், 6 ஆகும். அப்போது யுபிஎஸ் ‘டக்’ என்றதும் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். பழி பேட்டரிமேல் விழும். புது பேட்டரி போட்டும் கதை மாறாது. அதே யுபிஎஸ்ஸில் ஒரு குண்டு பல்பை மாட்டி, யுபிஎஸ்ஸுக்குக் கரண்ட் கொடுக்கும் சுவர்ச் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். பல்பு எரிந்துகொண்டே இருக்க, கணினி மட்டும் விழுந்தெழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எஸ்எம்பிஎஸ்ஸை.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறதா? அதற்குக் காரணம் வேறு. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில், பேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என இரு சின்ன மின்தேக்கிகள் உலோகப் பெட்டியோடு இணைந்திருக்கும். மின்னிரைச்சலை எர்த்துக்குக் கடத்துவது அவற்றின் வேலை. எர்த் இல்லாவிட்டால் பெட்டி இரண்டுக்கும் நடுவே, 115 வோல்ட் அளவில் மிதக்கும். பாய்வது ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவு, அதனால் அது ஆளைக் கொல்லாது. ஆனால் உங்கள் கணினிக்கு எர்த் எட்டவில்லை என்பதை அந்தச் சுருக் சொல்லிவிடுகிறது. நாளை உள்ளே பேஸ் ஒயர் பெட்டியில் பட்டால், 230 வோல்ட்டும் உங்கள் கை வழியாகத்தான் இறங்கும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வர்ட்டரில் செருகுவதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

திடீரென எகிறும் வோல்டேஜிலிருந்து காக்கும் ஸ்பைக் பஸ்டர் பலகைக்கும் எர்த் வேண்டும். அதில் இருக்கும் துத்தநாக ஆக்சைடு வில்லை, வோல்டேஜ் எல்லை மீறும்போது மட்டும் வழிவிட்டு, மிகுதியைத் திருப்பிவிடும். எர்த் இல்லையென்றால் அது திருப்பிவிடும் வழிகளில் ஒன்று அடைபட்டுப்போகும். வோல்டேஜ் எகிறும் ஒவ்வொரு முறையும் வில்லை கொஞ்சம் தேயும். அது செத்துப்போன பிறகும், பல ஸ்பைக் பஸ்டர்களில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.