மாட் கோப்பை அனுப்பாதீர்கள், பட்டியலை அனுப்புங்கள்

சனிக்கிழமை இரவு ஒன்பது மணி ஆனால் போதும், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட்டுகள் வரிசையாக வந்து விழும். "அண்ணா, உள்ள விட மாட்டேங்குது." "அண்ணா, சிவப்பு எழுத்துல என்னமோ வருது." "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" சர்வர் நிர்வாகம் என் தொழில். பகலில் அலுவலகத்துக்கு அதைச் செய்கிறேன். வார இறுதியில் சொந்தக்காரர், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் 14 பேர் சேர்ந்து ஆட, மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்புக்கு ஒரு சர்வரை நடத்துகிறேன்.

முதல் ஓராண்டு எல்லோரையும் போலத்தான் நானும் செய்தேன். மாட் என்றால் ஆட்டத்தில் புதிதாக எதையாவது சேர்க்கும் துணை நிரல். முப்பது நாற்பது மாட்களை ஒரே ஜிப்பாகக் கட்டி, கூகுள் டிரைவில் போட்டு, லிங்கைக் குழுவில் தட்டிவிடுவேன். "பழையதை அழிச்சுட்டு, இதைப் பிரிச்சு மாட்ஸ் ஃபோல்டர்ல போடுங்க" என்று கூடவே ஒரு வரி. ஒருவன் பழையதை அழிக்க மறந்திருப்பான். ஒரே மாடின் இரண்டு வெர்ஷன்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். இன்னொருத்தியின் லாஞ்சர் (ஆட்டத்தைத் திறந்துவிடும் நிரல்) ஜாவா 8-ஐப் பிடித்துக்கொண்டிருக்கும். நாங்கள் ஆடும் மைன்கிராஃப்ட் 1.20.1-க்கு ஜாவா 17 வேண்டும். மூன்றாமவன் புது வெர்ஷன் வந்திருக்கிறதே என்று ஒரு மாடை மட்டும் தானே மாற்றியிருப்பான். இவையெல்லாம் நேரத்தைத் தின்னும் தொல்லைகள், அவ்வளவுதான். என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது வேறு.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். டிரைவ் லிங்க் அவனுக்குத் திறக்கவில்லை. என்னைக் கேட்கத் தயங்கி, குறைகிற மாடின் பெயரைப் பிழைச்செய்தியில் பார்த்துத் தானே தேடி எடுத்துப் போட்டுக்கொண்டான். மறுநாள் காலை டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் அவனுடைய கணக்கிலிருந்து நண்பர்கள் எல்லோருக்கும் ஏதோ பரிசு லிங்க் போய்க்கொண்டிருந்தது.

"எங்க இருந்துப்பா எடுத்த?"

"கூகுள்ல முதல்ல வந்துச்சுண்ணா. ஆன்டிவைரஸ் தடுத்துச்சு. மாட்னா அப்படித்தான் காட்டும், ஆஃப் பண்ணிட்டுப் போடுன்னு வீடியோல சொன்னாங்க."

அவன் மீது எனக்குக் கோபம் வரவில்லை. நான் கொடுத்த வழி முட்டியது. அவன் சுலபமான வழி ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டான். பாதுகாப்பு என்றால் கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கும் என்று எங்கள் துறையில் பலர் நினைக்கிறார்கள். பிள்ளைகள் விஷயத்தில் அது நேர்மாறு. சரியான வழி எவ்வளவு சிரமமோ, அவ்வளவு பேர் தவறான வழியில் போவார்கள்.

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மைன்கிராஃப்ட் ஜாவாவில் மாட் என்பது படமோ அலங்காரமோ அல்ல. ஜார் என்ற வகைக் கோப்பாக வரும் அது ஒரு முழு நிரல். ஆட்டத்தைத் திறந்ததும், அந்தக் கணினியில் உங்கள் பிள்ளைக்கு என்னென்ன உரிமை உண்டோ அத்தனையும் அதற்கும் உண்டு. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் அதனால் படிக்க முடியும். தடுக்கிற வேலி எதுவும் நடுவில் இல்லை.

2023 ஜூன் தொடக்கத்தில் இது பெரிய அளவில் நடந்தது. ஃப்ராக்ச்சரைசர் என்று பெயரிடப்பட்ட தீநிரல், கைப்பற்றப்பட்ட சில கணக்குகள் வழியாக மாட்களை வெளியிடும் கர்ஸ்ஃபோர்ஜ் தளத்திலும் புக்கிட் தளத்திலும் இருந்த மாட்கள், பிளகின்களுக்குள் (சர்வருக்கான துணை நிரல்கள்) புகுந்தது. உலாவிக் குக்கீகள், கடவுச்சொல் இல்லாமலே டிஸ்கார்டுக்குள் நுழையவிடும் டோக்கன்கள், மைன்கிராஃப்ட் நுழைவுச் சான்றுகள் எல்லாவற்றையும் அள்ளியது. விண்டோஸில் எட்ஜ் உலாவியின் ஃபோல்டர் போலவே பெயர் வைத்த ஒரு ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான்: அந்தக் கணினியில் கண்ணில் பட்ட மற்ற ஜார் கோப்புகளிலும் அது தன்னை ஒட்டவைத்துக்கொண்டது.

இப்போது என் ஜிப்பை நினைத்துப் பாருங்கள். தொற்றிய கணினி ஒன்றிலிருந்து யாராவது நல்ல எண்ணத்தோடு "என் மாட்ஸ் ஃபோல்டரை அப்படியே அனுப்புறேன், போட்டுக்கோ" என்று சொல்லியிருந்தால், முப்பது கோப்பும் நோயோடுதான் போயிருக்கும். வாங்குகிறவனுக்கு அனுப்பியது நண்பன் என்பது தெரியும். கோப்பு அசல்தானா என்பதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

"சர்வர்ல சேரும்போது அதுவே எல்லாத்தையும் இறக்கிக் கொடுக்கக் கூடாதாண்ணா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. சில விளையாட்டுகளில் அப்படித்தான். மைன்டெஸ்ட் என்று இருந்து 2024-ல் லுவான்டி என்று பெயர் மாறியதில், மாட் ஓடுவது சர்வரில் மட்டும். ஆடுபவருக்குப் படமும் ஒலியும் தானாக வந்து சேரும். ஃபேக்டோரியோவில் சர்வரோடு மாட்களைப் பொருத்திக்கொள்ள ஒரு பொத்தான் உண்டு. அது அந்த விளையாட்டின் சொந்த மாட் தளத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். அங்கே மாட்கள் லுவா மொழியில், வேலி கட்டிய இடத்துக்குள் ஓடுகின்றன. அந்த வேலியையும் முழுதாக நம்பிவிட முடியாது. 2014-ல் கேரிஸ் மாட் விளையாட்டில் ஒரு ஓட்டை வழியாகப் புகுந்த நிரல், ஆடுபவர்களை அரட்டையில் 'இரும' வைத்தபடி சர்வருக்குச் சர்வர் தாவியது.

ஜாவா மைன்கிராஃப்டிலோ அந்த வேலியே கிடையாது. சர்வர் நேரடியாக ஜார் கோப்பைத் தள்ளலாம் என்றால், முன்பின் தெரியாத ஒருவரின் சர்வரில் நுழைந்தாலே கணினியின் சாவியை அவர் கையில் கொடுத்த மாதிரி. மைன்கிராஃப்டை உருவாக்கிய மொஜாங்கே ரிசோர்ஸ் பேக் என்ற படம், ஒலித் தொகுப்பை மட்டும்தான் சர்வர் வழியாகக் கொடுக்க விட்டிருக்கிறது. அதற்குக்கூட சர்வர் அமைப்புக் கோப்பில் ஷா-1 ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற ஒரு குறியீடு) எழுத ஒரு வரி ஒதுக்கியிருக்கிறது. ஆகவே சர்வர் 'என்னென்ன வேண்டும்' என்று மட்டும் சொல்ல வேண்டும். எடுத்துவரும் வேலை ஆடுபவரின் லாஞ்சருடையது. அதுவும் மாட் எழுதியவர் வெளியிட்ட இடத்திலிருந்து, சரிபார்த்து.

மாட்ரிந்த் என்ற மாட் தளத்தின் எம்ஆர்பேக் கோப்பு இந்த எண்ணத்தில்தான் கட்டப்பட்டிருக்கிறது. அதுவும் உள்ளுக்குள் ஒரு ஜிப்தான். ஆனால் உள்ளே இருப்பது ஒரு பட்டியல்: ஒவ்வொரு மாடும் எந்த ஃபோல்டரில் உட்கார வேண்டும், எந்த முகவரியில் கிடைக்கும், அதன் ஷா-1, ஷா-512 ஹாஷ் என்ன, சர்வருக்கு வேண்டுமா, ஆடுபவருக்கு வேண்டுமா, இருவருக்குமா. கோப்பில் ஒரு பைட் மாறினாலும் ஹாஷ் மாறிவிடும், லாஞ்சர் ஏற்காது. கூடவே ஓவர்ரைட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் வரும். அமைப்புக் கோப்புகளை வைப்பதற்கான இடம் அது. அதற்குள் ஒரு ஜார் கிடந்தால் அனுப்பியவரைக் கேளுங்கள், ஏன் என்று. நேரடியாகச் செருகிய கோப்பு, வெளியிட்ட இடத்திலிருந்து வராமல் பேக்கோடு வந்து விழுகிறது.

எங்கள் சர்வருக்கு இப்போது பேக்விஸ், இதே மாதிரிப் பட்டியலைப் பராமரிக்கும் கருவி. ஒவ்வொரு மாடுக்கும் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. எல்லாம், கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியின் களஞ்சியம் ஒன்றில். பிரிசம் லாஞ்சரில், ஆட்டம் தொடங்குமுன் ஓட வேண்டிய கட்டளை என்று ஓர் இடம் உண்டு. பேக்விஸ் நிறுவியை ஒருமுறை அங்கே அமைத்துவிட்டோம். ஆட்டத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது பட்டியலைப் பார்க்கும், மாறியதை மட்டும் இறக்கும், நீக்கியதை நீக்கும். சர்வரும் அதே பட்டியலைத்தான் படிக்கிறது, சர்வருக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நான் ஒரு வெர்ஷனை மாற்றினால் குழுவில் சொல்வது ஒரே வார்த்தை: "மூடித் திறங்க."

தொடக்கத்தில் ஒரு நாள் ஹாஷ் பொருந்தவில்லை என்று எல்லோருக்கும் நின்றுவிட்டது. பதறிப்போனேன். பார்த்தால், விண்டோஸில் கிட் வரிமுடிவுக் குறிகளை மாற்றி வைத்திருக்கிறது. அமைப்புக் கோப்புகளின் ஹாஷ் அதனால் மாறிவிட்டது. களஞ்சியத்தின் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் உரையாகக் கருதாதே என்று ஒரு வரி எழுதியதும் தீர்ந்தது. நீங்கள் பேக்விஸ் தொடங்கினால் முதல் நாளே அதைச் செய்துவிடுங்கள். அன்றைக்கு எனக்கு ஒரு நிம்மதியும் கிடைத்தது: கண்ணுக்கே தெரியாத ஒரு மாற்றத்தைக்கூட அது உள்ளே விடவில்லை.

வெர்ஷனைப் பூட்டி வைப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. பூட்டிய பட்டியலில் பழைய ஓட்டைகளும் பூட்டியே இருக்கும். 2021 டிசம்பரில், மைன்கிராஃப்ட் பதிவுகள் எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே நிரலில் வெளிப்பட்ட லாக்4ஷெல் ஓட்டையால், அரட்டையில் தட்டிய ஒரு வரியே சர்வருக்குள் நிரலை ஓட்டப் போதுமானதாக இருந்தது. 2023 ஜூலையில் வெளிவந்த பிளீடிங்பைப் என்ற ஓட்டை, மைன்கிராஃப்ட் 1.7.10, 1.12.2 காலத்து ஃபோர்ஜ் (மாட்களை ஏற்றும் நிரல்களில் ஒன்று) மாட்கள் சிலவற்றின் வழியாக சர்வரையும் அதில் சேர்ந்தவர்களையும் தாக்க வழிவிட்டது. மாதம் ஒருமுறையாவது உட்கார்ந்து பட்டியலைப் புதுப்பியுங்கள். அதற்கு முன் ஆட்டத்தின் உலகத்தை பேக்அப் எடுங்கள்: ஒரு மாடை எடுத்துவிட்டால், அதன் கட்டைகளால் பிள்ளைகள் கட்டிய வீடு அடுத்த முறை திறக்கும்போது ஓட்டையாகத்தான் நிற்கும். சர்வரை ரூட் கணக்கில் (கணினியின் எல்லா உரிமையும் உள்ள கணக்கு) ஓட்டாதீர்கள்.

மாட் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஃபோர்ஜ் போலவே மாட்களை ஏற்றும் ஃபேப்ரிக்குக்கான மாடின் விவரக் கோப்பில், இது ஆடுபவருக்கா சர்வருக்கா என்பதற்கும், எந்தெந்த மாட்களை நம்பியிருக்கிறது என்பதற்கும் இடம் உண்டு. அதைச் சரியாக நிரப்பினால் எங்களைப் போன்ற நூறு பேரின் சனிக்கிழமை மிச்சமாகும். பட்டியல் முறையால் உங்களுக்கும் நன்மைதான். ஜிப்பில் கட்டி அனுப்புவது பல மாட்களின் உரிமத்துக்கு எதிரானது; பட்டியல் வழியே இறக்கினால் பதிவிறக்கம் உங்கள் பக்கத்திலிருந்தே நடக்கும்.

தெரியாத இடத்திலிருந்து எடுத்த ஜார் ஏற்கனவே உங்கள் பிள்ளையின் கணினியில் ஓடியிருந்தால், திட்டுவதைத் தள்ளிவையுங்கள்; திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த முறை சொல்லாது. முதலில் கணினியின் இணையத்தைத் துண்டியுங்கள். டிஸ்கார்ட், மைக்ரோசாஃப்ட், மின்னஞ்சல் என வரிசையாகக் கடவுச்சொல்லை மாற்றி, திறந்திருக்கும் எல்லா இடங்களிலிருந்தும் வெளியேறுங்கள், இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். பாடக் கோப்புகள், படங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு ஜாரைக்கூட விட்டுவைக்காமல் கணினியை அழித்து மறுபடி நிறுவுங்கள். கடவுச்சொல் மாற்றும் வேலையை அந்தக் கணினியில் செய்யாதீர்கள், அம்மாவின் போனில் செய்யுங்கள்.