வான்கப்பலா, விண்கப்பலா?

சூரிய ஒளியில் இயங்கி, ஆளில்லாமல், அடுக்குமண்டலத்தில், அதாவது வளிமண்டலத்தின் இரண்டாம் அடுக்கில், மாதக்கணக்கில் நிலைகொள்வதற்கென வடிவமைக்கப்படும் கலங்களை நம் செய்திகள் விடாமல் ‘விண்கப்பல்’ என்று எழுதிவருகின்றன. அது பிழை. வான்கப்பல் என்பதே பொருந்தும்.

மூலச்சொல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மன் மொழியின் ‘லுஃப்ட்ஷிஃப்’ காற்றையும் கப்பலையும் சேர்த்த கூட்டுச்சொல். ஆங்கிலத்தின் ‘ஏர்ஷிப்’பும் அவ்வாறே அமைந்தது. 1852இல் ஆன்றி ஜிஃபார் நீராவி எந்திரம் பூட்டிப் பறந்தபோது, காற்றடித்த பக்கம் போகும் பலூனுக்கும் செலுத்தத்தக்க கலத்துக்கும் வேறுபாடு தெளிவாயிற்று.

பழந்தமிழில் விண்ணும் வானும் ஒன்றுதானே என்பது விண்கப்பல்காரர்களின் வாதம். உண்மைதான்; 11ஆம் குறளில் வானும் 13ஆம் குறளில் விண்ணும் மழையையே குறிக்கின்றன. ஆனால் வழக்கு அங்கேயே நின்றுவிடவில்லை. வானூர்தி, வானிலை, வானொலி என ஒரு பக்கமும், விண்வெளி, விண்கலம், விண்வெளி வீரர் என மறுபக்கமும் இக்காலத் தமிழ் இவ்விரண்டையும் பிரித்துக்கொண்டது. நமக்குத் தற்செயலாய்க் கிடைத்த இந்தத் தெளிவை ஒரு தலைப்புக்காகக் கலைப்பது வீண்வேலை. 2025 மே 3 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷியோபூரிலிருந்து இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் ஏவிய அடுக்குமண்டல வான்கப்பல் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரம் சென்று, மொத்தம் 62 நிமிடம் பறந்தது. விண்வெளியின் எல்லையாகப் பொதுவாகக் கொள்ளப்படுவதோ 100 கிலோமீட்டர்.

உயரக் கணக்கைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. காற்றைவிட இலேசான வாயுவை உறையில் நிரப்பிய இக்கலம், தான் விலக்கும் காற்றின் எடையால் மிதக்கிறது. கப்பல் என்ற பெயர் அதற்குத் தகுவதும் அதனால்தான். 20 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் பதினான்கில் ஒரு பங்களவே என்பதால், அதே எடையைத் தாங்க உறை பதினான்கு மடங்கு பருக்க வேண்டியிருக்கிறது. காற்றே இல்லாத விண்ணில் எந்த உறையும் மிதக்காது; ஆகவே விண்கப்பல் என்பது தன்னைத்தானே மறுக்கும் சொல்.

இதே செய்திகளில் ஆங்கிலத்தின் ‘லாங் எண்டியூரன்ஸ்’ என்பதற்கு ‘நீண்ட சகிப்புத்தன்மை கொண்ட’ என்ற அடைமொழியும் வருகிறது. கலம் யாரைச் சகிக்கிறது? பகலில் சூரியத் தகடுகள் சேமித்த மின்சாரத்தைக் கொண்டு இரவிலும் காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்பதைத்தான் மூலம் சொல்கிறது. ‘நெடுநாள் பறக்கும்’ என்று எழுதத் தமிழில் எந்தத் தடையும் இல்லை. அகராதியின் முதல் பொருளைத் தாண்டிப் படிக்க மொழிபெயர்ப்பாளருக்குத்தான் பொறுமை இல்லை.