முதன்மைத் தேர்தல் அல்ல, முதல்நிலைத் தேர்தல்

2025 ஜூன் மாதம் மதுரையிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "ஏம்ப்பா, உங்க நியூ ஜெர்சில அந்தம்மா கவர்னர் ஆயிட்டாங்களாமே?" என்றார். மிக்கி ஷெரிலைத்தான் சொல்கிறார். இல்லை சித்தப்பா, தேர்தல் நவம்பரில்தான், இப்போது ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் யார் என்று மட்டும்தான் முடிவாகியிருக்கிறது என்றேன். அவர் விடவில்லை. "முதன்மைத் தேர்தலில் வெற்றின்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கானே, அப்புறம் நவம்பர்ல என்ன துணைத் தேர்தலா?" என்று கேட்டார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் அவர். செய்தியைச் சரியாகத்தான் படித்திருக்கிறார், சொல்தான் தப்பு.

ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்ய முன்கூட்டி நடக்கும் வாக்கெடுப்பை அமெரிக்காவில் பிரைமரி என்கிறார்கள். அந்தச் சொல்லை 'முதன்மைத் தேர்தல்' என்று எழுதுவது பல ஆண்டுகளாக நடக்கிறது. அதிபர் தேர்தல் வந்தால் எழுதுகிறார்கள், ஆளுநர் தேர்தல் வந்தாலும் எழுதுகிறார்கள். இனியும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பு எளிது. லத்தீனில் 'பிரைமஸ்' என்றால் முதலாவது, அதிலிருந்து 'பிரைமேரியஸ்', அதிலிருந்து ஆங்கிலத்தின் பிரைமரி. ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு பொருள் உண்டு: வரிசையில் முதலில் வருவது, தரத்தில் தலையாயது. தேர்தலில் வருவது முதல் பொருள். முதன்மை என்று எழுதுகிறவர்கள் எடுத்துக்கொண்டது இரண்டாவது பொருள். தவறு இங்கேதான் தொடங்குகிறது.

தமிழில் 'முதல்' என்ற வேருக்கும் இந்த இரண்டு பொருளும் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் 'முதன்மை' என்று ஆகும்போது இன்றைய வழக்கில் அது தலைமைப் பக்கமே சாய்கிறது. முதன்மைச் செயலாளர், முதன்மைக் கல்வி அலுவலர் என்றெல்லாம் சொல்கிறோமே, அவர்கள் வரிசையில் முதலில் வந்தவர்களா? மேலே இருப்பவர்கள். அதைவிட முக்கியமான சாட்சி அரசுப் பணித் தேர்வுகள். தமிழ்நாட்டில் வேலைக்காகப் படிக்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்: பிரிலிம்ஸ் என்பது முதல்நிலைத் தேர்வு, மெயின்ஸ் என்பது முதன்மைத் தேர்வு. லட்சக்கணக்கான பேர் மனதில் 'முதன்மை' என்றாலே 'மெயின்' என்று பதிந்துபோயிருக்கிறது. அந்தப் பிள்ளைகளிடம் போய் முதன்மைத் தேர்தல் என்றால் நவம்பரில் நடக்கும் உண்மையான ஆளுநர் தேர்தலைத்தானே நினைப்பார்கள்? வெறும் பொருந்தாத சொல் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இது பொருளை நேர் தலைகீழாக்குகிறது.

பிரைமரி என்ற சொல் நமக்குப் புதிதும் இல்லை. பிரைமரி ஸ்கூலை யாராவது முதன்மைப் பள்ளி என்றார்களா? தொடக்கப் பள்ளி என்றார்கள். ஆரம்ப சுகாதார நிலையம், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்று ஊருக்கு ஊர் பலகை தொங்குகிறது. அவற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் இது எந்த இடத்தில் இருக்கிறது, இதற்கு மேலே என்ன இருக்கிறது என்று யோசித்து வைத்தார்கள். இன்றைக்கு மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள்.

இந்தப் பிரைமரி எப்படி வந்தது என்று தெரிந்தால் சொல்லும் தானாக வரும். முன்பெல்லாம் ஆளுநர் வேட்பாளரைக் கட்சி மாநாட்டில் கூடிய பிரதிநிதிகள்தான் தேர்ந்தெடுப்பார்கள், அவர்களைப் பின்னாலிருந்து இயக்கியது கட்சிப் பெரும்புள்ளிகள். விஸ்கான்சின் மாநிலத்தில் ராபர்ட் லாஃபோலெட் 1896இலும் 1898இலும் குடியரசுக் கட்சியின் ஆளுநர் வேட்பாளராக முயன்று மாநாட்டில் தோற்றார். 1900இல் வேட்பாளராகி ஆளுநரும் ஆனார். வேட்பாளரை மக்களே நேராக வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவர் விடாமல் போராடினார். 1904இல் விஸ்கான்சின் மக்கள் பொதுவாக்கெடுப்பில் அந்தச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். ஆக, இந்தத் தேர்தலின் வேலையே அடுத்த தேர்தலுக்கு ஆள் பொறுக்குவது. அடுத்து ஒன்று இல்லையென்றால் இதற்கு அர்த்தமே கிடையாது.

சரி, அப்படியானால் 'உட்கட்சித் தேர்தல்' என்று சொல்லிவிடலாமே என்கிறார்கள் சிலர். இது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, நானும் கொஞ்ச நாள் அப்படி எழுதியிருக்கிறேன், ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று, உட்கட்சித் தேர்தல் என்றால் நமக்கு ஏற்கனவே வேறு பொருள் இருக்கிறது: கிளைச் செயலாளர், மாவட்டச் செயலாளர், பொதுச்செயலாளர் என்று கட்சிப் பதவிகளுக்கு நடப்பது. அதைக் கட்சி நடத்துகிறது. அமெரிக்கப் பிரைமரியைப் பெரும்பாலும் மாநில அரசு நடத்துகிறது, அரசின் வாக்குச்சாவடியில், அரசின் செலவில். இரண்டு, கலிபோர்னியா. அங்கே 2010இல் மக்கள் வாக்களித்து முறையையே மாற்றிவிட்டார்கள். எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே வாக்குச்சீட்டில், எந்தக் கட்சிக்காரரும் யாருக்கும் வாக்களிக்கலாம், முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நவம்பருக்குப் போகிறார்கள். 2018 ஆளுநர் தேர்தலில் அப்படித்தான் கேவின் நியூசமும் ஜான் காக்ஸும் மேலே வந்தார்கள். இப்படி மேலே வரும் இரண்டு பேரும் ஒரே கட்சியாகக்கூட இருக்கலாம். 2016 செனட் தேர்தலில் கமலா ஹாரிஸை நவம்பரில் எதிர்த்து நின்ற லொரெட்டா சான்செஸும் ஜனநாயகக் கட்சிக்காரர்தான். இதில் உட்கட்சி எங்கே இருக்கிறது?

முதன்மைக்கு ஆதரவாக ஒரே ஒரு வாதம் கொஞ்சம் கனமானது, அதை மறைக்கக் கூடாது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பல பத்தாண்டுகள் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் வென்றாலே ஆளுநர் பதவி உறுதி. டெக்சாஸில் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலம் முடிந்தபின் ஒரு குடியரசுக் கட்சிக்காரர் ஆளுநர் தேர்தலில் வென்றது 1978இல்தான், பில் கிளெமென்ட்ஸ். அதனால்தான் கறுப்பின மக்களைப் பிரைமரியில் வாக்களிக்க விடாமல் வைத்திருந்தார்கள், நவம்பரில் போடும் வாக்குக்கு மதிப்பில்லை என்று தெரிந்தே. 1944இல் உச்ச நீதிமன்றம் ஒரு டெக்சாஸ் வழக்கில் அதைச் செல்லாது என்றது. அங்கே அந்தக் காலத்தில் அது முதன்மையான தேர்தல்தான், மறுக்கவில்லை. ஆனால் அது அந்த மாநிலங்களின் அரசியல் நிலவரம். ஒரு கிரிக்கெட் தொடரில் அரையிறுதி ஆட்டம்தான் உண்மையான சவால் என்பதற்காக அதை இறுதிப்போட்டி என்று யாரும் எழுதுவதில்லையே.

ஆகவே முதல்நிலைத் தேர்தல். 'நிலை' என்று வந்தாலே அடுத்த நிலை ஒன்று இருக்கிறது என்பது கேட்கிறவருக்குப் புரிந்துவிடும். தொடக்கத் தேர்தலும் தப்பில்லை, ஆனால் அது எதன் தொடக்கம் என்ற கேள்வியை விட்டுவைக்கிறது. பிரைமரி என்றே தமிழ் எழுத்தில் எழுதுவதிலும் எனக்கு வருத்தமில்லை, தப்பான தமிழுக்கு அது எவ்வளவோ மேல்.

ஆளுநர் தேர்தல் செய்திகளில் இன்னும் சில உறுத்துகின்றன. 'ஆளுநர் பந்தயம்' என்கிறார்கள், 'ஆளுநர் பதவிக்கு ஓடுகிறார்' என்கிறார்கள். தமிழில் தேர்தலில் யாரும் ஓடுவதில்லை, நிற்கிறார்கள். போட்டியிடுகிறார்கள், களத்தில் இருக்கிறார்கள். இவ்வளவு சொல் கையில் இருக்கும்போது ஏன் ஓட வேண்டும்? ஆளுநர் என்ற சொல்லையும் விளக்காமல் விட்டுவிடுகிறார்கள். நம் ஊர் ஆளுநர் குடியரசுத் தலைவர் நியமிப்பவர், அமெரிக்க ஆளுநர் மக்கள் வாக்களித்து மாநில நிர்வாகத்தை ஒப்படைப்பவர், பொறுப்பில் நம் முதலமைச்சருக்குப் பக்கத்தில் வருகிறவர். சொல்லை மாற்ற வேண்டியதில்லை, செய்தியில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

நவம்பர்த் தேர்தலுக்கு அவர்கள் எழுதுவது பொதுத் தேர்தல். நம் வழக்கில் அது நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ முழுசாக நடப்பது, அதனால் நான் இறுதித் தேர்தல் என்று எழுதுகிறேன். அன்றைக்குச் சித்தப்பாவிடமும் அப்படித்தான் சொன்னேன்: ஷெரில் ஆறு பேர் நின்ற முதல்நிலையில் ஜெயித்திருக்கிறார், குடியரசுக் கட்சியின் முதல்நிலையில் ஜாக் சியாட்டரெல்லி ஜெயித்திருக்கிறார், இரண்டு பேருக்கும் இறுதித் தேர்தல் நவம்பர் 4. "அட, பிரிலிம்ஸ் பாஸ் பண்ணியிருக்காங்கன்னு சொல்லு" என்றார். நவம்பரில் ஷெரில் வென்ற மறுநாள் அவரே போன் செய்து, "மெயின்ஸும் பாஸ்" என்றார்.