தப்பு நடந்ததுக்கு அப்புறம் வர்ற பத்து செகண்ட்

மனநல ஆலோசகரா நான் வேலை ஆரம்பிச்ச புதுசுல, கேம் விஷயமா வர்றவங்க எல்லாருமே ஒரே கவலையோடதான் வருவாங்க, பையன் ராத்திரி முழுக்க விளையாடுறான், புக்க தொட மாட்டேங்குறான், என்ன பண்றதுனு. இப்ப சில வருஷமா வேற மாதிரி ஆளுங்களும் வர்றாங்க. எவ்ளோ நேரம் விளையாடுறோம்ங்கறது இவங்க பிரச்சினை இல்ல. முகம் தெரியாத யாரோ ஒருத்தர் மேட்ச் நடுவுல சொன்ன வார்த்தை மனசுலயே தங்கிடுச்சு, இல்லனா தான் சொன்ன வார்த்தைய நெனச்சு தனக்கே அசிங்கமா இருக்கு. ரெண்டாவது வகை கம்மிதான், ஆனா வர்றாங்க. அவங்க அனுமதியோடதான் இத எழுதுறேன், யாருனு தெரிஞ்சிடக் கூடாதுனு விவரங்கள கொஞ்சம் மாத்திருக்கேன்.

முதல்ல ஒரு பையன பத்தி. காலேஜ் படிக்கிறான், ரொம்ப மெதுவா பேசுவான், உக்காரச் சொன்னாத்தான் உக்காருவான். அவன் வந்த காரணம் அவனோட தங்கச்சி. ஒரு நாள் மேட்ச்ல டீம்மேட் ஒருத்தன் தப்பான நேரத்துல முன்னாடி போய் செத்துட்டான்னு இவன் மைக்ல வாய்க்கு வந்தபடி கத்தியிருக்கான், பின்னாடி அந்தப் பொண்ணு நின்னுட்டு இருந்தது தெரியல. அன்னிலருந்து அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்னாலும் தயங்குறா. "நான் அப்படிப்பட்டவன் இல்ல மேடம்"னு மூணு தடவ சொன்னான்.

அந்த மேட்ச்சோட சாட் அவன் ஃபோன்ல ஸ்க்ரீன்ஷாட்டா இருந்துச்சு, அந்த ஆள ரிப்போர்ட் பண்ணணும்னு இவனே எடுத்து வச்சிருந்தது. சத்தமா, மெதுவா படிக்கச் சொன்னேன். அவன் டைப் பண்ணது ரெண்டு வரி படிச்சான். மூணாவது வரில நிறுத்திட்டான். நடுவுல அந்த இன்னொருத்தன் "சாரி ப்ரோ லேக் ஆச்சு"னு, அதாவது நெட் திணறிடுச்சுனு, ரெண்டு தடவ போட்டிருக்கான். "இத நான் பாக்கவே இல்ல மேடம், அவன் சாரி சொல்லியிருக்கான்"னு சொல்லிட்டு ஃபோன கவுத்து வச்சுட்டான், அப்புறம் ரொம்ப நேரம் பேசல.

நான் அப்படிப்பட்டவன் இல்லனு அவன் சொன்னது பொய் இல்லனுதான் நான் நம்புறேன். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கேம நடத்துற ரையட் கம்பெனில ஜெஃப்ரி லின்னு ஒருத்தர் வேலை பாத்தார், அவர் டீம் கோடிக்கணக்கான சாட்ட அலசிப் பாத்தப்ப, எப்பவுமே மோசமா நடந்துக்கறவங்க கிட்டத்தட்ட 1 சதவீதம் பேர்தான்னு தெரிஞ்சுது. மொத்த கெட்ட பேச்சுல அவங்க பங்கு வெறும் 5 சதவீதம். மிச்சத்துல பெரும்பகுதி, அன்னிக்கு நாள் சரியில்லாத சாதாரண ஆளுங்ககிட்ட இருந்து வந்தது. இந்தக் கணக்கு எனக்குத் தெரிஞ்சதுக்கு அப்புறம் நான் ஆலோசனை சொல்ற விதமே மாறிடுச்சு. கெட்டவங்கள பேன் பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்னு நெனைக்கிறோம்ல, அந்தக் கெட்டவங்க லிஸ்ட்ல முக்கால்வாசி நாள் நாம இருக்க மாட்டோம், மிச்ச கால்வாசி நாள் இருப்போம்.

முன்ன பின்ன தெரியாதவங்கள சிஸ்டம் ஒண்ணா கோத்து விடுற விதத்துலயும் ஒரு சிக்கல் இருக்கு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ங்கற ஆன்லைன் கேம்ல 2009 டிசம்பர்ல டன்ஜன் ஃபைண்டர்னு ஒரு வசதி வந்துச்சு, எதிரிங்க நிறைஞ்ச டன்ஜன்ங்கற இடத்துக்குப் போக, முன்னாடி நின்னு அடி வாங்குற டேங்க் ஒருத்தர், மத்தவங்க உயிர ஏத்தி விடுற ஹீலர் ஒருத்தர், எதிரிய அடிச்சு டேமேஜ் பண்றவங்க மூணு பேர்னு வேற வேற சர்வர்ல இருந்தெல்லாம் ஆள் எடுத்து தானா சேத்து விடும். அதுக்கு முன்னாடி அதே சர்வர் ஆளுங்களதான் சாட்ல கூவிக் கூவி கூப்பிடணும், இன்னிக்கு ஒருத்தர அசிங்கமா திட்டினா நாளைக்கு அந்தப் பேர் சர்வர் முழுக்க பரவி உங்கள யாரும் குரூப்ல சேக்க மாட்டாங்க. புது வசதி வந்ததும் மணிக்கணக்குல காத்திருந்தவங்களுக்கு பெரிய நிம்மதிதான், ஆனா திரும்ப பாக்கவே போறதில்லைங்கற எண்ணமும் கூடவே வந்துடுச்சு. இன்னிக்கு மொபைல் கேம் வரைக்கும் பெரும்பாலும் இந்த முறைதான். ஜான் சூலர்ங்கற உளவியலாளர் 2004ல எழுதின கட்டுரைல இதத்தான் சொன்னார், பேர் தெரியாது, மூஞ்சி தெரியாது, நம்ம வார்த்தை பட்டதும் எதிர்ல இருக்கறவர் முகம் சுருங்கறது கண்ணுல படாது, அதனால நேர்ல வராத வார்த்தையெல்லாம் ஆன்லைன்ல வாய்ல வந்துடுதுனு. முகம் சுருங்கறது தெரியாம போறதுதான் இதுல முக்கியம்னு நான் நெனைக்கிறேன்.

நான் கவனிச்ச வரைக்கும் மேட்ச் கெட்டுப் போறது யாரோ ஒருத்தர் தப்பு பண்ணதால இல்ல, தப்பு நடக்காத மேட்ச்சே கிடையாது. தப்புக்கு அப்புறம் வர்ற பத்து செகண்ட்ல யார் என்ன டைப் பண்றாங்கங்கறதுலதான் எல்லாம் இருக்கு. செத்தவனுக்கு தான் செத்தது தெரியும். அந்த நேரத்துல "நூப்" (ஒண்ணும் தெரியாதவன்), "அன்இன்ஸ்டால் பண்ணுடா"னு போட்டா அவன் கவனம் கேம்ல இருந்து சாட்டுக்கு வந்துடும், பதில் யோசிப்பான், கை பதறும், அடுத்த தப்பும் அவன்கிட்ட இருந்தே வரும், உடனே "பாத்தியா நான் அப்பவே சொன்னேன்ல"னு இன்னொருத்தர் ஆரம்பிப்பார், இப்ப டைப் பண்ற ரெண்டு பேருமே விளையாடல, அஞ்சு பேர் டீம்ல மிச்சம் இருக்கற மூணு பேர்தான் விளையாடுறாங்க. கோவத்துல நிதானம் போய் ஆட்டம் கெடுறத டில்ட் ஆயிட்டேன்னு பசங்க சொல்வாங்கல்ல, அது ஒருத்தர்ல ஆரம்பிச்சு மொத்த டீமுக்கும் தொத்திக்கிற ஒண்ணு.

அதே பத்து செகண்ட்ல "பரவால்ல, அடுத்தது பாப்போம்"னு ஒருத்தர் போட்டா என்ன ஆகும்னு நீங்களே அடுத்த மேட்ச்ல பாருங்க. எல்லா தடவையும் ஜெயிச்சிடுவீங்கனு நான் சொல்ல மாட்டேன். ஆனா யாரும் பாதில விட்டுட்டு ஓட மாட்டாங்க, பெரும்பாலும். தப்பு நம்மளதுனா "சாரி, என் தப்பு"னு மூணே வார்த்தை போதும், நெட் ஸ்லோ, ஃபோன் சூடாயிடுச்சு, அவன் கவர் குடுக்கலனு விளக்கம் நீண்டுச்சுனா அது மன்னிப்பா போய் சேராது. கோவம் நிஜமாவே தலைக்கு ஏறிடுச்சுனா அந்தப் பையனுக்கு நான் சொன்னதத்தான் உங்களுக்கும் சொல்றேன், கைய கீபோர்ட்ல இருந்து எடுத்து மடில வைங்க, ரெண்டு தடவ மூச்ச முழுசா வெளிய விடுங்க, செத்ததுக்கு அப்புறம் திரும்ப உயிரோட வர்ற ரீஸ்பான் நேரம் அதுக்கு சரியா இருக்கும்.

பேச்சே வேணாம்னு நெனைக்கிறவங்களுக்கு பிங் இருக்கு, பட்டன அமுக்கினா டீமுக்கு ஒரு குறி தெரியும். 2019ல ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்ங்கற ஷூட்டிங் கேம் வந்தப்ப அதுல பிங் சிஸ்டத்த ரொம்ப நல்லா பண்ணியிருந்தாங்க, எதிரி இங்க, துப்பாக்கி இங்க, நான் அங்க போறேன், தேங்க்ஸ்னு ஒரு பட்டன்லயே சொல்லிடலாம், மைக் இல்லாதவங்க, வேற பாஷை பேசுறவங்க, குரல் கேட்டா தொல்லை வரும்னு பயப்படுற பொண்ணுங்க எல்லாருக்கும் அது வசதி. ஆனா பிங்ல கூட திட்டலாம், செத்தவன் பாடி மேல கேள்விக்குறி பிங்க பத்து தடவ அடிக்கிறது பச்சையா திட்டறதுக்கு சமம்தான், ஒரு வார்த்தை கூட டைப் பண்ணலனு தப்பிச்சுக்க முடியாது. ஜெயிச்சதும் "ஜிஜி ஈஸி"னு (குட் கேம், ஈஸியா ஜெயிச்சோம்னு) போடறதும் அப்படித்தான், இருபது நிமிஷம் எதிர்ல போராடினவங்கள ஒண்ணுமில்லாதவங்கனு சொல்ற வார்த்தை அது. ஓவர்வாட்ச்ங்கற கேம்ல யாராவது அத டைப் பண்ணினா அத அப்படியே எடுத்துட்டு வேற ஒரு வேடிக்கையான வரி வர்ற மாதிரி மாத்தி வச்சாங்க. வெறும் ஜிஜி போதும், தோத்தாலும் போடலாம்.

இப்ப இன்னொருத்தர பத்தி. நாப்பது வயசுக்கு மேல ஒரு அம்மா, வீட்டு வேலை, ஆபீஸ் வேலை எல்லாம் முடிச்சுட்டு ராத்திரி ஒரு மணி நேரம் ஹீலரா விளையாடுவாங்க. அடுத்தவங்க உயிர காப்பாத்தற வேலைதான் அவங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு. ஒரு புது டன்ஜன்ல முதல் தடவை போனப்ப ஒரு இடத்துல டேங்க் செத்துட்டார். மிச்ச நாலு பேரும் ஃப்ரெண்ட்ஸா சேர்ந்து வந்தவங்க போல, அவங்க பாஷைல என்னமோ பேசிக்கிட்டாங்க, சிரிச்சாங்க, அடுத்த நிமிஷம் இவங்க வோட்டுல கிக் ஆகி குரூப்புக்கு வெளிய நிக்கிறாங்க. ஒருத்தரும் திட்டல. ஒரு வார்த்தை கூட சொல்லல. "சமைக்கும்போது கூட அந்தச் சிரிப்பு கேக்குது"னு சொன்னாங்க, கிட்டத்தட்ட மூணு மாசம் லாகின் பண்ணவே இல்ல.

இதுல ரெண்டு விஷயம் இருக்கு. ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் சேர்ந்து போய் ஒரு ராண்டம் ஆள சேத்துக்கும்போது அந்த ஒருத்தர் தனியா இருக்கார், வோட்டும் உங்க கைல, பேச்சும் உங்க பாஷைல. அவருக்குப் புரியற பாஷைல ஒரு ஹாய், எங்க போறோம்னு ஒரு வரி, அவ்ளோதான் தேவை. கிக் பண்ணித்தான் ஆகணும்னா கூட, இங்க அனுபவம் உள்ள ஹீலர் வேணும், மன்னிச்சுக்கோங்கனு சொல்லிட்டு பண்ணலாம். அந்தம்மாகிட்ட நான் சொன்னது வேற. உள்ள போனதும் "எனக்கு இது முதல் தடவ, கொஞ்சம் மெதுவா போலாமா"னு முதல்லயே போட்டுடுங்கனு சொன்னேன். புதுசுனு சொன்னா தொரத்திடுவாங்கனு பயந்தாங்க. ஒரு குரூப்ல அப்படித்தான் ஒருத்தர் உடனே லீவ் பண்ணார், அதையும் வந்து சொன்னாங்க. அடுத்த குரூப்ல டேங்க் ஒவ்வொரு சண்டைக்கும் முன்னாடி நின்னு ஹீல் பண்ணத் தேவையான இவங்களோட மானா சக்தி நெறையற வரைக்கும் காத்திருந்தாராம்.

மியூட் பண்றது மரியாதை இல்லாத செயல்னு சிலர் நெனைக்கிறாங்க, குறிப்பா வளர்ந்தவங்க. அப்படி இல்லவே இல்ல. திட்ட ஆரம்பிச்சதும் பதில் பேசாம மியூட், மேட்ச் முடிஞ்சதும் ரிப்போர்ட், தேவைனா ஸ்க்ரீன்ஷாட். உன் வீடு தெரியும், ஃபோட்டோவ போட்டுடுவேன்ங்கற மாதிரி மிரட்டல் வந்தா அது கேம் விஷயமே இல்ல, வீட்டுல ஒருத்தர்கிட்ட அன்னிக்கே சொல்லணும், சைபர் க்ரைம் வரைக்கும் கொண்டு போக வேண்டிய விஷயம் அது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்ல எதிர் டீமோட பேசுற சாட்டையே 2021ல கொஞ்ச நாள் மூடி வச்சாங்க, கம்பெனிக்கே மூடலாம்னு தோணும்போது நீங்க ஒருத்தர மூடறதுல என்ன தப்பு.

பெத்தவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், இது நெறைய பேருக்குத் தெரியல. "பாஸ் பண்ணிட்டு சாப்பிட வா"னு கூப்பிடறீங்கல்ல, பெரும்பாலான ஆன்லைன் மேட்ச்ல பாஸ் பட்டன் கிடையாது. பிள்ளை எழுந்து வந்துட்டா அங்க நாலு பேர் ஆள் குறைஞ்சு தோத்துக்கிட்டு இருப்பாங்க, ஏஎஃப்கே, அதாவது ஆள் இடத்துல இல்லனு, இவன ரிப்போர்ட் பண்ணுவாங்க, பல கேம்ல பாதில போனா தண்டனையும் உண்டு. அவன் வராம உக்காந்திருக்கறது முழுக்க உங்கள மதிக்காததால இல்ல, ரெண்டு பக்கமும் யாரையோ காக்க வைக்கிறோமேங்கற தவிப்பும் அதுல இருக்கு. ஒரு வீட்டுல இத பேசி ஒரு வழி பண்ணோம். அம்மா "உடனே வா"னு சொல்றதுக்கு பதிலா "இந்த மேட்ச் எப்ப முடியும்"னு கேப்பாங்க, அவன் உண்மையான நேரத்த சொல்லணும், முடிஞ்சதும் அடுத்ததுக்கு க்யூ போடாம எழுந்து வரணும். முதல் வாரம் ரெண்டு தடவ ஏமாத்தினான். இப்ப டீம்ல இருக்கறவங்களுக்கும் "இதான் எனக்கு கடைசி மேட்ச்"னு முன்னாடியே டைப் பண்ணிட்டுதான் ஆரம்பிக்கிறானாம்.