கிளிமஞ்சாரோ ஏறப் போகிறீர்களா? முதலில் இரவு எங்கே தூங்குகிறீர்கள் என்று பாருங்கள்

தான்சானியாவின் கிளிமஞ்சாரோ 5895 மீட்டர் உயரம். வழக்கமான பாதைகளில் கயிறோ பனிக்கோடரியோ தேவையில்லை, நடந்தே ஏறலாம். அதனால் இதற்கு முன் மலைப்பக்கமே போகாதவர்களும் கிளம்பிவிடுகிறார்கள். பயணத்துக்கு முன் மருத்துவ ஆலோசனைக்கு வரும்போது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பாதை டாக்டர் சுலபம்?" என்பதுதான். இந்த மலையில் காலுக்குச் சுலபமான பாதை நுரையீரலுக்கும் மூளைக்கும் சுலபமாக இருப்பதில்லை.

மராங்கு பாதையையே எடுத்துக்கொள்வோம். சரிவு மெதுவானது, கூடாரத்துக்குப் பதில் குடிலில் கட்டில் கிடைக்கும், ஐந்து நாளில் ஏறி இறங்கிவிடலாம். ஆனால் இரவில் தங்கும் உயரங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: மண்டாரா 2720, ஹொரொம்போ 3720, கிபோ சுமார் 4700. இரவுக்கு இரவு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கூடுகிறது. கிபோவில் அரைத் தூக்கத்தில் எழுந்து நள்ளிரவில் இன்னும் 1200 மீட்டர் ஏற வேண்டும். உயர்மலை மருத்துவம் சொல்லும் அளவோ வேறு. 3000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை உயரம் கூட்டாமல் ஒரு நாள் தங்கவும் வேண்டும்.

தூங்கும் உயரத்தை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 5500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். ஆக்ஸிஜன் குறைந்ததும் உடல் வேகமாக மூச்சு வாங்குகிறது. அதில் கரியமில வாயு அதிகம் வெளியேறி, ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. உடனே மூளை மூச்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. சிறுநீரகம் பைகார்பனேட் என்ற காரப்பொருளைச் சிறுநீரில் கழித்துச் சமன் செய்தால்தான் இந்தக் கட்டுப்பாடு தளரும். அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். தூக்கத்தில் மூச்சு இன்னும் ஒழுங்கற்றுப் போவதால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் மேலும் சரிகிறது. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுபவருக்கும் இதில் சலுகை கிடையாது. வேகமாக ஏற முடிவதாலேயே அவர் உயர்மலை நோயில், அதாவது ஆக்ஸிஜன் குறைவுக்கு உடல் பழகாததால் வரும் கோளாறில், சீக்கிரம் மாட்டிக்கொள்வதும் உண்டு.

இப்போது எட்டு நாள் லெமோஷோ பாதையைப் பாருங்கள். முதல் இரவு 2700 மீட்டரை ஒட்டி, பிறகு ஷிரா ஒன்று 3500, ஷிரா இரண்டு 3850. மறுநாள் 4600 மீட்டரில் இருக்கும் லாவா டவர் வரை ஏறிவிட்டு, பர்ராங்கோவுக்கு இறங்கி 3960 மீட்டரில் தூங்குகிறீர்கள். அடுத்து கரங்கா 4000, பராஃபு 4670. இதிலும் 500 மீட்டர் விதி இரண்டு இடத்தில் மீறப்படுகிறது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் நடுவில் மூன்று இரவுகள் வெறும் 150 மீட்டர் வித்தியாசத்துக்குள் கழிகின்றன. உடல் பழகுவது அங்கேதான். லாவா டவரில் பலருக்குத் தலை வலிக்கும். பர்ராங்கோவுக்கு இறங்கிய சில மணி நேரத்தில் அது விட வேண்டும். விடாவிட்டால் வழிகாட்டியிடம் அன்றே சொல்லுங்கள்.

மச்சாமே பாதையில் போவதென்றால் ஏழு நாள் திட்டத்தையே கேளுங்கள். ஆறு நாள் திட்டத்தில் வெட்டப்படுவது பெரும்பாலும் கரங்கா இரவுதான். பர்ராங்கோவிலிருந்து ஒரே நாளில் பராஃபு சேர்ந்து, சில மணி நேரம் படுத்துவிட்டு அன்றிரவே உச்சிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். கரங்காவில் தங்கினால் மறுநாள் மதியத்துக்குள் பராஃபு சேர்ந்து ஓய்வெடுக்கலாம். மராங்குவிலேயே போக விரும்புபவர்கள் ஹொரொம்போவில் கூடுதலாக ஓர் இரவு சேர்த்து ஆறு நாளாக்கலாம். நல்ல மாற்றம்தான், ஆனால் கிபோவுக்கான ஆயிரம் மீட்டர் தாவல் அப்படியே இருக்கும். உம்ப்வே பாதை மிகச் செங்குத்து. முதல்முறை போகிறவர்களுக்கு நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

மலை ஒரு தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது; அதன் கட்டணம் நாள் கணக்கில் வசூலிக்கப்படுகிறது. மலிவான பேக்கேஜில் நாட்கள் குறைவாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். நல்ல ஜாக்கெட்டுக்கு ஒதுக்கிய பணம் மிச்சமானால், அதைக் கூடுதல் இரவுக்குச் செலவிடுங்கள். ஜாக்கெட்டை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அசிட்டசோலமைடு மாத்திரை, மேலே சொன்ன பைகார்பனேட் வேலையை விரைவுபடுத்தும். உயர்மலை நோய்த் தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், தினம் இருவேளை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். விரல் மரத்துப்போவதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் எதிர்பார்த்தவையே. சிறுநீரகக் கோளாறோ சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமையோ இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் தொடாதீர்கள். மாத்திரை இருக்கிறதே என்று நாட்களைக் குறைக்கவும் கூடாது.

தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், மிதமிஞ்சிய சோர்வு ஏதாவது சேர்ந்தால், அது சரியாகும்வரை மேலே ஏறக் கூடாது. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் நல்ல எண் காட்டினாலும் இதுதான் விதி. குளிர்ந்த விரலில் அந்தக் கருவி தவறாகக் காட்டவும் செய்யும்.

பராஃபுவில் மாலை வேளையில் ஒவ்வொருவரையும் நேர்கோட்டில், குதிகாலை மறுகாலின் விரல் நுனியில் ஒட்டி வைத்துப் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீங்குகிறது என்றே கொள்ள வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கக்கூடும். இரண்டிலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. பராஃபுவிலிருந்து ம்வேகா பாதை நேராகக் கீழே போகிறது. ஆக்ஸிஜன் இருந்தால் கொடுத்துக்கொண்டே, துணைக்கு ஒரு வழிகாட்டியோடு, அந்த இரவிலேயே குறைந்தது ஆயிரம் மீட்டர் இறக்கிவிட வேண்டும்.