பீவரும் ஒரு பிளாஸ்டிக் குழாயும்

1960களில் ஸ்வீடன் உயிரியலாளர் லார்ஸ் வில்சன், தான் வளர்த்த பீவர்களுக்கு ஓடும் தண்ணீரின் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டார். அங்கே சொட்டுத் தண்ணீர்கூட ஓடவில்லை. ஆனாலும் அவை குச்சிகளை இழுத்துவந்து சத்தம் வந்த இடத்தில் அடுக்க ஆரம்பித்துவிட்டன.

பீவரை நீர்நாய் என்று சிலர் எழுதுகிறார்கள். நீர்நாய் காவிரியில் மீன் பிடித்துத் தின்னும் வேறு பிராணி. பீவர் எலி, அணில் வகையறா. மரப்பட்டையும் இலையும்தான் சாப்பாடு. எடை 20 கிலோவைத் தாண்டும். பல் எனாமலில் இரும்பு இருப்பதால் முன்பற்கள் ஆரஞ்சு நிறம். கரையில் தத்தித் தத்தி நடக்கிற இதற்கு ஓநாயிடமிருந்து தப்பிக்கத் தண்ணீர்தான் ஒரே வழி. அதனால் ஓடையின் குறுக்கே குச்சியும் சேறும் வைத்து அணை கட்டி, தண்ணீரைக் குளமாகத் தேக்கி, வீட்டு வாசலையே தண்ணீருக்கு அடியில் வைக்கிறது. குளத்தின் மட்டம் இறங்கினால் வாசல் வெளியே தெரிந்துவிடும். எங்கேயோ சலசலவென்று கேட்டால் அணை ஒழுகுகிறது என்று அர்த்தம். உடனே அடைக்க வேண்டும்.

இப்போது ஓடையின் குறுக்கே போகும் ஒரு சாலையை அதன் கண்ணால் பாருங்கள். நீளமான மண்மேடு, நடுவில் தண்ணீர் பாய ஒரே ஒரு சிறுபாலம். முக்கால்வாசி அணையை யாரோ கட்டி வைத்திருக்கிறார்கள், ஓட்டை மட்டும்தான் பாக்கி! ஒரே இரவில் அடைத்துவிடும். அப்புறம் சாலையில் தண்ணீர் ஏறும், ஊர்க்காரர்கள் பீவரைப் பிடிக்கப் பொறி வேண்டும் என்பார்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1996இல் மக்கள் வாக்களித்து, உடலை நெரிக்கும் பொறிகளுக்குத் தடை போட்டார்கள். பீவர்கள் பெருகின, புகார்களும் பெருகின. 2000இல் சட்டத்தைத் திருத்தினார்கள்: குடிநீருக்கோ சாலைக்கோ ஆபத்து என்றால் உள்ளூர் சுகாதார வாரியமே பொறி வைக்க 10 நாள் அனுமதி தரலாம். இதுவும் போதாது, தடையை இன்னும் தளர்த்த வேண்டும் என்கிறார்கள் சிலர். அவசரத்துக்கு வழி இருக்கும்போது விதியை இன்னும் தளர்த்துவது எதற்கு என்பதுதான் என் கேள்வி. ஒரு குடும்பத்தைப் பிடித்தால் இடம் காலியாகிறது, அவ்வளவுதான். இரண்டு வயதான குட்டிகள் வீட்டைவிட்டுக் கிளம்பிப் புது ஓடை தேடி அலையும். அதே மேடு, அதே ஓட்டை, அதே சலசலப்பு. வேறொரு ஜோடி வந்து உட்கார்ந்துகொள்ளும். பொறிக்கு ஆள் அடையாளமும் தெரியாது. பீவருக்கு வைத்ததில் நிஜமான நீர்நாயும் மாட்டிச் சாகிறது.

பீவரின் காதை ஏமாற்றுவது இதைவிட நல்ல வழி. அணையின் உச்சியைக் கொஞ்சம் வெட்டி, ஓரடி விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயை அதன் ஊடாகப் பதிக்கிறார்கள். குழாயின் வாய் அணையிலிருந்து பல அடி தள்ளி, குளத்துக்குள் மூழ்கி இருக்கும்; சுற்றிலும் பெரிய கம்பிக் கூண்டு. கூண்டு அகலமாக இருப்பதால் தண்ணீர் சத்தமில்லாமல், இழுப்பும் தெரியாமல் உள்ளே போகிறது. பீவர் ஒழுக்கு அணையில்தான் இருக்கிறது என்று நினைத்து அங்கேயே சேறு பூசிக்கொண்டிருக்கும். குழாயை எந்த உயரத்தில் வைக்கிறோமோ, குளம் அதற்கு மேல் ஏறாது. சாலையும் தப்பும், பீவரின் வாசலும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும்.

துளித் தண்ணீரும் தேங்கக்கூடாத இடங்களில் இது உதவாது என்பது உண்மை. மற்ற இடங்களில் அவ்வப்போது யாராவது குளத்தில் இறங்கி, கூண்டில் சேர்ந்த இலை தழைகளை வாரிப் போட வேண்டும். பஞ்சாயத்துகள் தயங்குவது பெரும்பாலும் இந்த வேலைக்குத்தான்.